கப்பலில் ஒரு குளிர்காலம்

(கல்லாற்றில் நடந்த உறுப்பினர் குடும்பச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



பொன்முடி மலையடிவாரத்தில் நின்றுகொண்டு கப்பலைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைக்க வேண்டாம். இதோ சத்தம் கேட்கிறதே, இந்தக் கல்லாறு வாமனபுரம் ஆற்றோடு ஓடி முதலப்பொழி பக்கம் கடலில்தான் சேர்கிறது. நானும் என் சகதர்மிணியும் வந்த வழி அதற்கு நேர் எதிர். கடலில் ஆரம்பித்துக் கல்லாற்றில் வந்து சேர்ந்தோம்.

சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளை ஒருநாள் போனில் சொன்னான். குளிர் நாடுகளில் ரிடையர் ஆன தம்பதிகள் ஜனவரியில் கப்பல் ஏறி, வெயில் பிரதேசங்களைச் சுற்றிவிட்டு வசந்த காலத்தில் வீடு திரும்புகிறார்களாம். குளிருக்கும் தப்பலாம், வீட்டு வேலையும் இல்லை. 2004-ல் லிண்ட்க்விஸ்ட், கோலப் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் அந்நாட்டு முதியோர் மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் ஒரு கட்டுரையே எழுதினார்கள். அங்கே உதவியுடன் கூடிய முதியோர் இல்லத்துக்கு ஆகும் செலவும் கப்பலிலேயே வாழ ஆகும் செலவும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று கணக்குக் காட்டினார்கள்.

"நமக்கென்ன பனியா கொட்டறது?" என்றேன். அவள் சொன்ன பதில் இது: "குளிர் இல்லேன்னா. அம்பது வருஷமா கார்த்தால எழுந்ததும் இன்னிக்கு என்ன சமையல்னுதான் யோசிக்கறேன். மூணு மாசம் அந்த யோசனை இல்லாம இருக்கணும்."

நம் முன்னோர் சமுத்திர யாத்திரைக்குத் தயங்கினார்கள். கணித மேதை ராமானுஜன் 1914 மார்ச் 17 அன்று நெவாசா கப்பலில் சென்னையிலிருந்து கிளம்பியபோது, அது அவர் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்குத் தெரியும். எனக்கு அந்தத் தயக்கம் இல்லை. உடம்பும் பணமும்தான் கவலை. மூன்று மாதக் கட்டணம் என் ஒரு வருஷப் பென்ஷனை விழுங்கிவிடும். சரி, முதலில் ஐந்து ராத்திரி பரீட்சை பார்ப்போம் என்று சிங்கப்பூரிலிருந்து ஒரு கப்பலில் ஏறினோம்.

அறை எடுக்கும்போது என் பௌதிகப் படிப்பு உதவியது. ஏற்றப் பலகையில் இரண்டு முனைகளும்தான் அதிகம் ஏறி இறங்கும், நடுப்பகுதி அசைவது குறைவு. கப்பலும் அப்படித்தான். கீழ்த்தளத்தில் நட்டநடுவே அறை எடுத்தேன். தலைசுற்றல் இல்லாமல் இரண்டு நாள் சுகமாகப் போயிற்று. சைவச் சாப்பாட்டுக்கும் குறைவில்லை. தயிர் மட்டும் நம்மாத்துத் தயிர் இல்லை.

மூன்றாம் நாள் ராத்திரி எனக்கு நெஞ்சு படபடப்பு. கப்பல் டாக்டர் ஈசிஜி எடுத்தார், பயப்பட ஒன்றுமில்லை என்றார். கூடவே ஒன்றையும் சொன்னார். அவரால் முதல் சிகிச்சைதான் கொடுக்க முடியும், பெரிதாக ஏதாவது என்றால் அடுத்த துறைமுகத்தில் இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். பாஷை தெரியாத துறைமுகத்தில் இரண்டு பெட்டிகளோடு தனியாக நிற்கப்போவது அவள்தானே! அதுவரை நான் போட்ட எந்தக் கணக்கிலும் அந்த வரி இல்லை.

கப்பலையே நிரந்தர வீடாக்கினவர்களும் உண்டு. க்வீன் எலிசபெத் 2 என்ற கப்பலில் ஓர் அமெரிக்க மூதாட்டி ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார். 2008 நவம்பரில் அந்தக் கப்பலே ரிடையர் ஆகி துபாய்க்குப் போய்விட்டது. அவர் இறங்க வேண்டியதாயிற்று.

ஆனால் பயணம் வீண் என்று சொல்லமாட்டேன். மறுநாள் காலை, யாரோ வார்த்துக் கொடுத்த தோசையைச் சாப்பிட்டுக்கொண்டு, பக்கத்து மேஜைக் குஜராத்தி அம்மாளோடு அரைகுறை ஹிந்தியில் பேசி அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். காலை வேளையில் அவள் இப்படி உட்கார்ந்து சிரித்து நான் பார்த்ததே இல்லை. அவள் கேட்டது கடலை அல்ல என்று அப்போதுதான் புரிந்தது.

அதனால் இப்போது மார்கழியும் தையும் இங்கேதான். இரண்டு அறை வாடகைக்கு எடுத்துக்கொள்கிறோம். சமையலுக்கு ஆள் உண்டு. என்ன சமையல் என்று அவளை யாரும் கேட்கக்கூடாது என்பது என் கண்டிப்பான உத்தரவு! விதுரா பக்கத்திலேயே இருக்கிறது, நகரம் சுமார் 45 கிலோமீட்டர். தெரிந்த டாக்டர், தெரிந்த பாஷை.

கப்பலில் போக விரும்புகிறவர்கள் அவசியம் போய் வாருங்கள், நடக்கத் தெம்பு இருக்கும்போதே. இருக்கும் வியாதிகளை மறைக்காமல் எழுதி, அவற்றுக்கும் சேர்த்துப் பயண இன்ஷூரன்ஸ் எடுங்கள். கப்பலில் வைத்தியச் செலவு தனி. மருந்துகளை டாக்டர் சீட்டோடு, ஒரு வாரம் கூடுதலாக, கைப்பையிலேயே வையுங்கள். கூட்டமாக இருக்கும் இடம், வயிற்றுப்போக்கு சீக்கிரம் பரவும். அதற்குக் காரணமான நோரோ வைரஸுக்குக் கைக்குத் தடவும் திரவம் போதாது, சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கடைசியாகப் புருஷர்களுக்கு ஒரு வார்த்தை. நான் முதலில் கணக்குப் போட்டேன், பிறகுதான் அவளைப் புரிந்துகொண்டேன். நீங்கள் முதலில் கேட்டுவிடுங்கள்.

இலை போட்டாயிற்று. மாமிகள் எல்லோரும் முதல் பந்தியில் உட்காரட்டும். இன்றைக்குப் பரிமாறப்போவது நாங்கள்.