இப்னு கல்தூனைப் படித்தவர்கள்



ஒரு புத்தகம் யார் யார் கைக்குப் போனது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன். இப்னு கல்தூன் 1332இல் துனிசில் பிறந்தவர். 1406இல் கெய்ரோவில் இறந்தார். 1377இல் 'முகத்திமா'வை எழுதினார். ஆட்சிகள் ஏன் எழுகின்றன, ஏன் சில தலைமுறைகளிலேயே சரிகின்றன என்பது அவர் கேள்வி. 'அஸபிய்யா' என்ற சொல்லில் விடை தேடினார். ஒரு குழு தன்னை ஒன்றாக உணரும் பிடிப்பு அது.

1830இல் அல்ஜீரியாவில் இறங்கிய பிரெஞ்சுப் படைக்கு அவர் தேவைப்பட்டார். பெர்பர் மக்களைப் பற்றி அவர் எழுதிய வரலாறு போர் அமைச்சரின் ஆணைப்படி அல்ஜியர்சில் அச்சானது. பதிப்பித்து, பிறகு பிரெஞ்சில் பெயர்த்தவர் டி ஸ்லேன், படையின் மொழிபெயர்ப்பாளர். குலம், கூட்டு என்று மூலம் பேசும் இடங்களில் அரபு, பெர்பர் என்ற இரண்டு பகை இனங்கள் அந்த மொழிபெயர்ப்பில் முளைத்துவிட்டன என்று 2003இல் அப்தெல்மஜீத் ஹன்னூம் வாதிட்டார். எனக்கு இந்த ஆய்வுதான் முக்கியம். நம்மைப் பற்றிய குடிக்கணக்கு அறிக்கைகளை யார் எழுதினார்கள் என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மற்றவர்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். தாஹா ஹுசைன் சோர்போனில் முனைவர் பட்ட ஆய்வு செய்தார். முஹ்சின் மஹ்தி 1957இல் அவரைத் தத்துவ மரபில் வைத்தார். அடுத்த ஆண்டு ரோசென்தாலின் ஆங்கிலப் பெயர்ப்பு மூன்று தொகுதிகளாக வந்தது. இவ் லகோஸ்த் 1966இல் மூன்றாம் உலகின் பின்தங்கலை விளக்க அவரைப் படித்தார். அவரை அவர் காலத்திலேயே நிறுத்திப் படியுங்கள் என்றார் அஸீஸ் அல் அஸ்மே. இன்றைய சமூகவியலுக்குள் கொண்டுவாருங்கள் என்கிறார் சையத் ஃபரீத் அலாதாஸ். 1981இல் வரிக்குறைப்புக்கு ரொனால்ட் ரீகனும் அவரைத் துணைக்கு அழைத்தார்!

புகழுரைகள் தாண்டிப் போகும் இடம் ஒன்று உண்டு. கறுப்புத் தோல் ஹாமுக்குக் கிடைத்த சாபம் என்ற கதையை அவர் மறுக்கிறார். வெயிலும் தட்பவெப்பமும்தான் காரணம் என்கிறார். அதே நூலில், கறுப்பின மக்கள் அடிமைத்தனத்துக்கு எளிதில் பணிவார்கள், விலங்குகளுக்கு நெருக்கமானவர்கள் என்றும் எழுதுகிறார். 'அது அந்தக் காலம்' என்று சமாதானம் சொல்லி நான் கடக்கமாட்டேன்.

ஆனால் வம்சாவளி என்பது கற்பனை, அதற்கு மெய்ம்மை இல்லை, அது உண்டாக்கும் உறவில்தான் அதன் பயன் என்று எழுதியதும் அதே கைதான். ஆகவே மாணவர்களே, அஸபிய்யாவைத் தமிழில் 'இனப்பற்று' என்றோ 'சாதிப்பற்று' என்றோ போட்டுவிடாதீர்கள். அது பிறப்போடு நிற்பதில்லை. அடைக்கலம் வந்தவரும் உடன்படிக்கை செய்தவரும்கூட அதற்குள் வருகிறார்கள். 'பிடிப்பு' என்று நான் தற்காலிகமாகச் சொன்னேன். இதைவிட நல்ல சொல் இருந்தால் கலந்துரையாடலில் சொல்லுங்கள், குறித்துக்கொள்கிறேன்.