கரிக்குள் கிடந்த எழுத்து



இத்தாலியில் நேப்பிள்ஸ் நகருக்கு அருகே இருக்கிறது வெசுவியஸ் எரிமலை. கி.பி. 79-இல் அது வெடித்தபோது பொம்பெயி நகரம் புதையுண்ட கதை பலருக்கும் தெரியும். அதே சீற்றத்தில் ஹெர்குலேனியம் என்ற இன்னோர் ஊரும் புதைந்தது. அங்கே கடலோர மாளிகை ஒன்றில் ஒரு நூலகம் இருந்தது. பாப்பிரஸ் தாளில் எழுதிச் சுருட்டி வைத்த நூல்கள். எரிமலையின் வெப்பம் அவற்றைக் கரியாக்கிவிட்டது. கரியானதால்தான் அவை மக்கிப் போகாமல் தப்பின. கிரேக்க, ரோமானிய உலகிலிருந்து ஒரு நூலகமாகவே தப்பிப் பிழைத்தது இது ஒன்றுதான்.

1750-இல் கிணறு தோண்டியவர்கள் கண்ணில் அந்த மாளிகை பட்டது. முழுச் சுருளும் துண்டுமாகச் சுமார் 1,800 கிடைத்தன. ஆனால் படிப்பது எப்படி? தொட்டால் பொடியாகும் கரி அது. அந்தோனியோ பியாஜ்ஜோ என்ற பாதிரியார் பட்டு நூலால் மெல்ல இழுத்துப் பிரிக்கும் கருவி ஒன்றைச் செய்தார். சில நூல்களைப் படிக்க முடிந்தது. வேறு வழிகளை முயன்றவர்கள் கையில் பல சுருள்கள் நொறுங்கின. மிச்சமிருந்த நூற்றுக்கணக்கான சுருள்கள் திறக்கப்படாமலேயே அலமாரிக்குப் போயின.

சுருளைத் தொடாமலேயே படிக்கலாம் என்று அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகக் கணினிப் பேராசிரியர் பிரென்ட் சீல்ஸ் நம்பினார். எக்ஸ்ரே வழியாகச் சுருளின் உட்புறத்தை முப்பரிமாணப் படமாக எடுக்க வேண்டும். அந்தப் படத்தைக் கணினியில் தாள் தாளாகப் பிரிக்க வேண்டும். சாக்கடல் கரையில் எங்கெடி என்ற இடத்தில் கிடைத்த எரிந்த தோல் சுருளை அவர் இப்படித்தான் படித்தார். எபிரேய பைபிளின் லேவியராகமப் பகுதி அதில் இருந்தது. அங்கே மை எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரிந்தது. ஹெர்குலேனியத்தின் மையோ கரியால் ஆனது. தாளும் கரி, மையும் கரி. எக்ஸ்ரேக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன.

2019-இல் இங்கிலாந்தின் டைமண்ட் துகள் முடுக்கியில் வைத்துச் சில சுருள்களைச் சீல்ஸ் குழு மிக நுட்பமாகப் படமெடுத்தது. படம் கிடைத்தது, எழுத்து கிடைக்கவில்லை. 2023 மார்ச்சில் அவரும், கணினித் துறைத் தொழில்முனைவோரான நாட் ஃப்ரீட்மன், டேனியல் கிராஸ் ஆகியோரும் சேர்ந்து ஒரு துணிச்சலான முடிவெடுத்தார்கள். படங்கள் அத்தனையையும் இணையத்தில் வைத்து, 'வெசுவியஸ் சவால்' என்ற போட்டியை அறிவித்தார்கள். பட்டமோ பதவியோ தேவையில்லை, யாரும் முயலலாம்.

பெரும் பரிசு 7 லட்சம் டாலர். இவ்வளவு பணம் என்றால் போட்டியாளர்கள் கண்டுபிடித்ததை மறைத்துத்தானே வைப்பார்கள்? அதைத் தவிர்க்கவும் வழி வகுத்திருந்தார்கள். நடுநடுவே சிறு பரிசுகள் உண்டு. அவற்றைப் பெறுகிறவர் தன் நிரலைப் பொதுவில் வெளியிட வேண்டும். ஒருவர் எட்டிய இடத்திலிருந்து அடுத்தவர் தொடங்கலாம். இந்தப் போட்டியின் வெற்றிக்கு முதல் காரணம் இந்த ஏற்பாடுதான்.

பலன் விரைவில் தெரிந்தது. கேசி ஹேண்ட்மர் என்ற இயற்பியலாளர் எந்த மென்பொருளையும் நம்பாமல் மணிக்கணக்கில் படங்களையே உற்றுப் பார்த்தார். சில இடங்களில், வறண்ட குளத்துச் சேறு வெடித்ததுபோல நுண்ணிய விரிசல்கள் தெரிந்தன. மை படிந்த இடங்கள் அவை. அவர் அதை எல்லோரிடமும் சொன்னார். நெப்ராஸ்காவைச் சேர்ந்த 21 வயதுக் கல்லூரி மாணவர் லூக் ஃபாரிட்டர் அந்த விரிசலை அடையாளம் காணச் செயற்கை நுண்ணறிவு நிரல் ஒன்றைப் பழக்கினார். கிரேக்க எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. 2023 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. திறக்காத ஹெர்குலேனியச் சுருளிலிருந்து படித்த முதல் சொல், ஊதா நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். பெர்லினில் ஆய்வு மாணவராக இருந்த எகிப்தியர் யூசுஃப் நாதரும் அதே சொல்லைத் தனியாக, இன்னும் தெளிவாகக் காட்டினார்.

போட்டியாளர்களாக இருந்த இருவரும் பிறகு கைகோத்தார்கள். கணினியில் தாள்களைப் பிரிப்பதில் தேர்ந்த சுவிட்சர்லாந்து மாணவர் ஜூலியன் ஷில்லிகரும் சேர்ந்தார். 2024 பிப்ரவரியில் பெரும் பரிசு இந்த மூவருக்கே கிடைத்தது. 15 பத்திகளில் 2,000-க்கும் மேற்பட்ட எழுத்துகளை அவர்கள் மீட்டிருந்தார்கள்.

செயற்கை நுண்ணறிவு இல்லாததை இருப்பதாகக் காட்டிவிடாதா என்ற கேள்வி எழுவது நியாயம். அந்த நிரல்களுக்குக் கிரேக்கம் தெரியாது. மிகச் சிறிய ஒரு பரப்பைப் பார்த்து, இங்கே மை உண்டா இல்லையா என்று மட்டுமே அவை சொல்லும். எழுத்தாகவும் சொல்லாகவும் படித்தவர்கள் பாப்பிரஸ் துறை அறிஞர்கள். தனித்தனியே படித்து ஒப்பிட்ட பிறகே முடிவை அறிவித்தார்கள்.

அந்தச் சுருளில் என்னதான் இருந்தது? இன்பம் எதில் இருக்கிறது என்ற விசாரணை. இசை, உணவு பற்றியெல்லாம் பேச்சு வருகிறது. அரிதாகக் கிடைக்கும் பொருள், அரிது என்பதாலேயே அதிக இன்பம் தருமா என்று ஆசிரியர் ஆராய்கிறார். எபிக்யூரஸ் வழிவந்த தத்துவ அறிஞர் ஃபிலோடெமஸ் எழுதியதாக இருக்கலாம் என்பது அறிஞர்கள் கருத்து.

2025-இல் ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கும் இன்னொரு சுருளின் தலைப்பே தெரியவந்தது. அது தீய குணங்களைப் பற்றி ஃபிலோடெமஸ் எழுதிய நூல். ஒரு ஹெர்குலேனியச் சுருளைத் திறக்காமலேயே அதன் பெயரையும் ஆசிரியரையும் அறிந்தது அதுவே முதல் முறை.

2024-இல் பரிசு பெற்ற பகுதி அந்தச் சுருளில் ஏறத்தாழ 5 சதவீதம்தான். நூற்றுக்கணக்கான சுருள்கள் இன்னும் காத்திருக்கின்றன. மாளிகையிலும் தோண்டப்படாத பகுதிகள் உண்டு. சுருள்களின் படங்களும் முந்தைய வெற்றியாளர்களின் நிரல்களும் இணையத்தில் திறந்தே கிடக்கின்றன. நிரல் எழுதத் தெரிந்த மாணவர்கள் அவற்றை ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். இதுவரை வென்றவர்களில் பலர் அவர்களைப் போன்ற மாணவர்கள்தான்.