காசோலை யார் கையில்?

கஷ்டகாலத்தில் அரசாங்கம் விவசாயிகளுக்கு உதவிப் பணம் கொடுக்கிறது என்றால், எவ்வளவு என்றுதான் முதலில் கேட்கிறோம். யார் கையில் கொடுக்கிறார்கள் என்று கேட்பவர் குறைவு. அமெரிக்காவில், ஆர்க்கன்சா மாநிலத்துப் பாயின்செட் கவுண்டியில் இந்தக் கேள்வி எப்படி எழுந்தது என்று இன்று பார்ப்போம். கவுண்டி என்பதை நம் நாட்டு மாவட்டம் போன்ற ஒரு பிரிவு என்று வைத்துக்கொள்ளலாம்.

அது பருத்தி விளையும் வட்டாரம். நிலம் பெரிய முதலாளிமாருடையது. அதில் பாடுபட்டவர்கள் பாதி வாரத்துக்கு உழுத குடும்பங்கள். அவர்களில் வெள்ளையரும் உண்டு, கறுப்பினத்தவரும் உண்டு. குடியிருக்கும் வீடு, உழும் கோவேறு கழுதை, விதை எல்லாம் முதலாளியுடையவை. சாப்பாட்டுச் சாமான் தோட்டக் கடையில் கடனுக்கு வரும். பருத்தி எடுத்து முடித்துக் கணக்குப் பார்த்தால் கையில் நிற்பது சொற்பம். கடையில் பற்றெழுதி வாங்கிய நம் பாட்டன் பாட்டிமாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1929இல் ராத்தலுக்கு 16 சென்டுக்கு மேல் விற்ற பருத்தி, 1932இல் ஏறக்குறைய 6 சென்டுக்கு விழுந்தது. விளைச்சல் குறைந்தால் விலை ஏறும் என்று 1933இல் அரசாங்கம் ஒரு திட்டம் போட்டது. வளர்ந்து நின்ற பருத்தியில் சுமார் ஒரு கோடி ஏக்கரை உழுது அழிக்கச் சொல்லி, அதற்குப் பணம் கொடுத்தது. செடியை மிதிக்காமல் நடக்கப் பழகிய கோவேறு கழுதைகள் செடிமேல் ஏற மறுத்தன என்று சொல்வார்கள். (மலாயாவிலும் 1934இல், அனைத்துலக உடன்பாட்டின்படி, ரப்பர் உற்பத்திக்கு வரம்பு வந்தது.)

அடுத்து வந்த 1934ஆம் ஆண்டு ஒப்பந்தத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பயிரிடாமல் விட்ட நிலத்துக்கு, வழக்கமான விளைச்சலைக் கணக்கிட்டு, ராத்தலுக்கு நாலரை சென்ட். அதில் மூன்றரை சென்ட் நிலத்துக்கு வாடகை. அது முழுவதும் முதலாளிக்கு. மீதி ஒரு சென்டை இருவரும் பாதி பாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஏக்கருக்கு 200 ராத்தல் என்று வைத்தால் மொத்தம் 9 டாலர். முதலாளிக்கு 8, உழுதவருக்கு 1. அந்த ஒரு டாலரும் முதலாளி வழியாகத்தான் வர வேண்டும். கடைக் கடனுக்கென்று அதையும் பிடித்துக்கொண்டவர்கள் இருந்தார்கள்.

நிலத்தைச் சும்மா போட்டால் ஆட்கள் எதற்கு? குடியிருப்பவர்களை முடிந்தவரை வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. 'முடிந்தவரை' என்ற சொல் போதும், மற்றது என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். குடும்பங்கள் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டன.

1934 ஜூலையில், அந்தக் கவுண்டியின் டைரோன்சா என்ற சிற்றூருக்கு அருகே ஒரு பள்ளிக்கூடத்தில் 18 பேர் கூடினார்கள். 11 பேர் வெள்ளையர், 7 பேர் கறுப்பினத்தவர். கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் எல்லாமே தனித்தனியாக இருந்த காலம் அது. ஆனாலும் ஒரே சங்கமாகச் சேர்ந்தார்கள். தெற்குக் குத்தகை விவசாயிகள் சங்கம் அப்படித்தான் பிறந்தது. அடியும் மிரட்டலும் வந்தன. தலைநகரிலோ, இருந்த குடிகளையே வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தத்துக்குப் பொருள் சொன்ன ஜெரோம் பிராங்க் என்ற சட்ட அதிகாரியும், அவரோடு வேறு சிலரும் 1935 பிப்ரவரியில் வேலை இழந்தார்கள்.

ஆயினும் 1930களின் பிற்பகுதியில், வாரக்காரர் பங்கை அவர் பெயருக்கே காசோலையாக அனுப்பும் முறை வந்தது. அப்போது முதலாளிமாரில் பலர் வேறு வழி பார்த்தார்கள். வாரக்காரர் இருந்தால்தானே பங்கு? அவர்களை விலக்கிவிட்டு நாள் கூலிக்கு ஆள் வைத்தார்கள். 1939 ஜனவரிக் குளிரில், பக்கத்து மிசௌரி மாநிலத்தில், இப்படி வெளியேற்றப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நெடுஞ்சாலை ஓரத்தில் சட்டி பானையோடு வந்து குடியேறினார்கள். சுகாதாரக் கேடு என்று சொல்லி மாநில அதிகாரிகள் அவர்களை அங்கிருந்து அகற்றினார்கள். அந்த வட்டாரத்துத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மத்திய அரசாங்கம் சிறு வீடுகள் கட்டிக் கொடுத்தது அதற்குப் பிறகுதான்.