சங்கச் சேவலுக்கு லக்ஷணம் எது?

(மரக்காணம் கோழி வளர்ப்போர் சங்கத்தில் கூட்டுறவு இன்ஸ்பெக்டர் நிகழ்த்திய பிரசங்கம்)



ஐப்பசி மழை இறங்கினால் உப்பளத்தில் வேலை நின்றுபோகும். அம்மாதங்களில் முட்டைக் காசே வீட்டுச் செலவுக்கு உதவுவது. ஆதலின், சங்கச் சேவல் எதுவென நிர்ணயிப்பது வெறும் அழகு பற்றிய விவகாரமன்று.

1865-இல் இங்கிலாந்திலும் 1874-இல் அமெரிக்காவிலும் கோழி லக்ஷணங்களைப் புஸ்தகமாக அச்சிட்டனர். அவை காட்சிப் போட்டிக்காக எழுந்தவை. கொண்டையும் இறகுமே அவற்றில் பிரதானம். நம்மவரிலும் சிலர் காகம், கீரி, மயில் என நிறம் பார்த்தே விலை பேசுகின்றனர். சேவற்கட்டில் அது செல்லும். முட்டைக் கூடைக்கு உதவாது.

மார்த்தாண்டம் கிராம புனருத்தாரண நிலையத்தார் 1920-களில் வெள்ளை லெகார்னைப் பரப்பி, முட்டைகளைக் கூட்டுறவு முறையில் விற்றனர். லெகார்ன் மிகுதியாக இடும், அடைகாப்பது அரிது. நமது சிறுவிடை குறைவாக இடினும், தானே பொரித்து வளர்க்கும். இன்குபேட்டர் இல்லாத வீட்டில் இக்குணம் அலட்சியம் செய்யத்தக்கதன்று.

எனவே, முதல் ஆண்டில் நிறத்தை எழுதவேண்டாம். பெட்டைக்குக் காலில் வளையமிட்டு, இட்ட முட்டை, பொரித்த குஞ்சு, எட்டு வாரம் பிழைத்த குஞ்சு இவற்றைப் பதியுங்கள். உப்புநீர் குஞ்சுக்கு நஞ்சு. அளத்தோரம் மேய்ந்து மாண்டவற்றைத் தனியே குறியுங்கள், அப்பழி இனத்தின்மேல் விழலாகாது. கணக்கில் மேம்பட்ட பெட்டையின் சேவற்குஞ்சே சங்கச் சேவலாகும். தலைவர் வீட்டுச் சேவலுக்கும் இவ்விதியில் விலக்கில்லை.