தாமல் தந்த ஒரு பாட்டு

காஞ்சி மாநகருக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊர் தாமல். பரந்த ஏரியும், தாமோதரப் பெருமாள் கோயிலும், வராகீசுவரர் கோயிலும் அதன் அடையாளங்கள். தமிழ் கற்றோர்க்கு வேறோர் அடையாளமும் உண்டு. புறநானூற்றின் 43ஆம் பாட்டைப் பாடிய தாமப்பல் கண்ணனாரை இவ்வூரினராகக் கொள்ளும் அறிஞர் உளர். சங்கத் தொகை நூல்களுள் அவர் பெயரால் இன்று கிடைப்பது அந்த ஒரு பாட்டே.

அப்பாட்டு எழுந்த சூழலைப் பழங்குறிப்பு கூறுகிறது. சோழன் நலங்கிள்ளியின் தம்பி மாவளத்தானும் புலவரும் வட்டாடினர். புலவர் வட்டினை மறைத்தார். வெகுண்ட மாவளத்தான் அதனாலேயே அவரை எறிந்தான். 'நீ சோழன் மகன் அல்லை' என்றார் புலவர். இளவரசன் நாணித் தலைகுனிந்தான். வென்றுவிட்டோம் என்று புலவர் இறுமாந்திருக்கலாம். அரசிளங்குமரனை நாணச் செய்த பெருமையை ஊரெங்கும் பேசித் திரிந்திருக்கலாம். அவரோ தம் பிழையை ஒப்புக்கொண்டு, பிழை செய்யாதவன் நாணினானே என வியந்து, அவனை வாழ்த்திப் பாடினார். தம் தவற்றையே பாடுபொருளாக்கும் துணிவு எக்காலத்தும் அரிது. கவியரங்குகளில் அது இன்னும் அரிது.

இந்த ஒற்றைப் பாட்டு நம் கைக்கு வந்த வழி நெடியது. பெயர் தெரியாத எத்தனையோ பேர் ஓலையில் எழுத்தாணியால் கீறிக் கீறிப் படி எடுத்தனர். ஓலை செல்லரிக்கும், மீண்டும் எழுதவேண்டும். பாடியவர் பெயரைக் காத்த அவர்களுள் பெரும்பாலோர் தம் பெயரை விட்டுச் செல்லவில்லை. காஞ்சித் தறியில் கோர்வைச் சேலை நெய்வோரும் அவ்வாறே. உடலுக்கும் இரு கரைக்கும் மூன்று நாடாக்கள். ஊடை ஒவ்வொன்றையும் கரையோடு பிணைத்தாகவேண்டும். ஓரிடத்தில் அவசரப்பட்டால் கரை தனியே பிரியும். முடிந்த சேலையில் நெய்தவர் பெயர் இராது.

ஓலையிலிருந்து அச்சுக்கு வந்த வழியில் நின்றவர் உ.வே. சாமிநாதையர். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஐம்பது ரூபாய்ச் சம்பளத்தில் தமிழாசிரியராய் அமர்ந்தார். அவ்வாண்டு அக்டோபரில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் ஐயர் அடுக்க, முதலியார் சிறிதும் வியக்கவில்லை. சிந்தாமணியைக் கற்றதுண்டா என்றார். இல்லை என்பதே விடை. புலமை மிக்க ஒருவர்க்கு அது கசக்கும் நேரம். அக்கசப்பை அவர் வீணாக்கவில்லை. ஏடு தேடினார், சமண மரபு அறியச் சமணர்களிடமே சென்று கேட்டார், கையொப்பம் சேர்த்தார். சீவகசிந்தாமணி வெளிவந்தது 1887இல். ஒரு நூலுக்கு ஏழாண்டு! எழுதிய மை உலருமுன் தொகுப்பாக்கத் துடிக்கும் நம் கவிஞர்க்கு அக்கணக்கு விந்தையாகத் தோன்றக்கூடும்.

நூல் வந்ததும் கண்டனத் துண்டுப்பிரசுரங்கள் கிளம்பின. மறுப்பெழுதி வாதிட்டிருந்தால் தமிழுலகம் சில திங்கள் அவரையே பேசியிருக்கும். சான்றோர் அறிவுரையால் அவர் அவ்வெண்ணத்தைக் கைவிட்டார். 1889இல் பத்துப்பாட்டு வந்தது, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு. தாமல் புலவரின் பாட்டும் அதனுடன் அச்சேறியது. சிந்தாமணியின் திருத்திய இரண்டாம் பதிப்பு 1907இல்தான். இடைப்பட்ட இருபதாண்டும் அவருக்குப் பாடம் ஒப்பிடும் காலமாகவே இருந்தது. புறநானூற்றின் மறுபதிப்புக்கோ 1923 வரை காத்திருக்க நேர்ந்தது. குறுந்தொகையைத் தம் உரையுடன் 1937இல் வெளியிட்டபோது அவருக்கு அகவை எண்பத்திரண்டு.

இத்தனை உழைப்பிற்குப் பின்னும் கிடைக்காதன உண்டு. புறநானூற்றில் 267, 268 ஆகிய எண்களுக்குரிய பாட்டுகள் ஏடுகளில் அகப்படவில்லை. விடுபட்ட பாட்டுகளைப்போல் இரண்டு யாத்து அவ்விடத்தை நிரப்புவது தேர்ந்த புலவர்க்கு அரிய செயலன்று; எவரும் அதைச் செய்யவில்லை. 266ஆம் பாட்டை அடுத்து அவ்விரு எண்களும் இன்றும் வெறுமையாகவே நிற்கின்றன.