பாம்புக்கு எதற்குச் சாயம்?

(பட்டிமன்றத் தலைப்பு: மனிதனின் கை பட்டால் இயற்கை பொலிகிறதா? நலிகிறதா? ‘நலிகிறது’ என்ற அணியில் பேசியது.)

உழைத்து உழைத்தே உலகத்துக்குச் சட்டை போட்ட திருப்பூர்ப் பெருமக்களே!

காலையில் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு டீ குடித்தேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எந்தக் கம்பெனிங்க?" என்றார். "கம்பெனி இல்லீங்க, பட்டிமன்றத்துல பேச வந்திருக்கேன்" என்றேன். "அப்படீங்களா? அதுல பீஸ் ரேட் என்னங்க?" என்று கேட்டார். (சிரிப்பு) எந்த ஊரிலும் என்னிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை!

எதிரணித் தோழர் இங்கே காங்கேயம் காளையைக் கொண்டுவந்து நிறுத்தினார். மனிதன் பார்த்துப் பார்த்துச் சேர்த்ததால்தானே இப்படி ஓர் இனம் நமக்குக் கிடைத்தது, பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் காப்பாற்றியதால்தானே நிலைத்தது என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒத்துக்கொள்கிறேன். நம் விவசாயிக்கும் நிறம் தெரியும். மயிலை, காரி, செவலை, பிள்ளை என்று பெயர் சொல்லிப் பிரிப்பான். சிவந்த கன்றாகப் பிறந்தது ஆறு மாதத்தில் சாம்பல் நிறமாக மாறுவதும் அவனுக்குத் தெரியும். ஆனால் அவன் நிறத்தை மட்டும் பார்த்து மாடு வாங்கவில்லை. நுகத்தில் பூட்டி நடக்கவிட்டுப் பார்த்தான். கால் வலுவைப் பார்த்தான். அந்தக் கை உழைப்பைத் தேடிய கை. நான் சொல்ல வந்தது வேறொரு கை. வேடிக்கையைத் தேடுகிற கை.

மேற்கு ஆப்பிரிக்காவிலே, கானா, டோகோ, பெனின் நாடுகளிலே ஒரு சின்ன மலைப்பாம்பு. நாலடி ஐந்தடிதான் வளரும். பயந்தால் பந்துபோலச் சுருண்டு, தலையை நடுவிலே ஒளித்துக்கொள்ளும். அதனால் ‘பால் பைத்தான்’ என்று பெயர். முதன்முதலில் கேட்டபோது நான் ஏதோ பால் குடிக்கிற பாம்பு என்று நினைத்துவிட்டேன். தமிழ் வாத்தியாருக்குப் பால் என்றால் வேறென்ன ஞாபகம் வரும்? (சிரிப்பு)

அதன் இயற்கை நிறம் கறுப்பும் பழுப்பும். ஏன் அந்த நிறம்? நம் மலைபடுகடாம் பதில் சொல்கிறது. மலை வழியே போகிற கூத்தர்களை அந்தப் புலவர் எச்சரிக்கிறார். வழியில் மரம் விழுந்து கிடப்பதுபோலத் தெரியும், அது மாசுணம், விலகிப் போங்கள் என்கிறார். மாசுணம் என்றால் மலைப்பாம்பு. அவர் சொன்னது நம் நாட்டுப் பாம்பை. ஆனால் கணக்கு எல்லாக் காட்டுக்கும் ஒன்றுதான். பாம்புக்கு நிறம் அலங்காரம் இல்லை ஐயா, கவசம். மரத்தோடு மரமாக, சருகோடு சருகாகக் கிடந்தால்தான் அதற்குச் சாப்பாடு. அதற்கு உயிரும் அப்படித்தான் மிஞ்சும்.

எப்போதாவது, எங்கேயாவது, நிறம் பிறழ்ந்து ஒன்று பிறக்கும். மஞ்சளும் வெள்ளையுமாக, சிவந்த கண்ணோடு. அல்பினோ என்கிறார்கள். காட்டில் அது கழுகின் கண்ணுக்குத் தப்பிப் பிழைப்பது கஷ்டம். மனிதன் அதைப் பிடித்தான், ஜோடி சேர்த்தான். 1992இல் அமெரிக்காவில் பாப் கிளார்க் என்பவர் கூண்டிலேயே அல்பினோ பால் பைத்தான் குஞ்சுகளைப் பொரிக்கவைத்துக் காட்டினார். அன்றைக்குத் தொடங்கியது இந்த ஓட்டம்.

எப்படிச் செய்கிறார்கள்? தாத்தாவின் மூக்கு அப்பாவுக்கு வராமல் பேரனுக்கு வருகிறதல்லவா, அந்தக் கணக்குதான். அல்பினோவையும் சாதாரணப் பாம்பையும் சேர்த்தால் குட்டிகள் எல்லாம் சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொன்றுக்குள்ளும் அந்த வெள்ளைக் குணம் ஒளிந்திருக்கும். அப்படி ஒளித்துவைத்திருக்கிற இரண்டைச் சேர்த்தால், சராசரியாக நாலு முட்டைக்கு ஒன்று வெள்ளை. சீக்கிரம் வரவேண்டும் என்றால் ஒட்டிய உறவுக்குள்ளேயே ஜோடி சேர்ப்பார்கள். சொந்தத்தில் பெண் எடுத்தாலே டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நம்மைப் பார்க்கிறார். பாம்புக்கு யார் டாக்டர்? (சிரிப்பு)

இந்த ஓட்டத்தில் வந்தவைதான் பனானா, பைபால்ட், ஸ்பைடர். பெயரைக் கேட்டால் ஐஸ்கிரீம் கடை மாதிரி இருக்கிறது.

என் அக்கா மகன் இதே ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஒருநாள் போனில் வீடியோ காட்டினான். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பாம்பு. உடம்பெல்லாம் சிலந்திவலை மாதிரி மெல்லிய கோடு. "ஸ்பைடர் மாமா. டான்ஸ் ஆடும் பாருங்க" என்றான். பாம்பு தலையைத் தூக்கியது. தலை இடதும் வலதுமாக ஆடியது. திருகிக்கொண்டு மேலே பார்த்தது. "பேரு டிஸ்கோ மாமா!" நான் சிரித்தேன். எங்கள் வீட்டம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் சிரித்தார்.

அடுத்த முறை அவன் வீட்டுக்குப் போனேன். இரை போட்டான். பாம்பு பாய்ந்தது. இரை ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். மறுபடி பாய்ந்தது. மறுபடி தப்பியது. நிமிர்ந்துகொள்ளத் தெரியாமல் வயிறு மேலாகக் கிடந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அதற்குப் பெயர் டான்ஸ் இல்லை நடுவர் அவர்களே, நோய். அந்தக் கோட்டைக் கொடுக்கிற அதே குணம்தான் உட்காதின் அமைப்பையும் குலைக்கிறது. எது மேல், எது கீழ் என்று அந்த உயிருக்குத் தெரியவில்லை. ஆட்டம் ஒன்றுக்குக் குறைவாக இருக்கும், ஒன்றுக்குக் கூடுதலாக இருக்கும். ஆனால் கோடு வந்தால் அதுவும் கூடவே வரும். கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஆட்டத்தை நீக்க இன்றுவரை யாராலும் முடியவில்லை.

ஒரு உயிர் தடுமாறியது. படித்த நான் சிரித்தேன். முனைவர் பட்டம் வாங்கிய நான் சிரித்தேன். (அரங்கில் அமைதி)

இந்த ஆசைக்குத் தீனி எங்கிருந்து வருகிறது? 2023 ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்து கேட்பாரற்றுக் கிடந்த இரண்டு பைகளில் 45 பால் பைத்தான்கள். அதே ஆண்டு ஜூலையில் திருச்சியில், கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டிக்குள் 47 மலைப்பாம்புகள். பெட்டிக்குள்ளே ஐயா! பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பஸ்ஸில் ஒரு ஆள் கூடுதலாக ஏறினால் நாம் என்ன கத்து கத்துகிறோம்!

நம் நாட்டு மலைப்பாம்பை வீட்டில் வளர்க்கவே கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. இந்தப் பால் பைத்தான் மாதிரி வெளிநாட்டு உயிரை வைத்திருந்தால் 2024இல் வந்த விதிகளின்படி பதிவு செய்ய வேண்டும். நல்லது. ஆனால் சட்டம் பாம்பை எண்ணும். அதன் தலை ஆடுகிறதா என்று நாம்தானே பார்க்க வேண்டும்?

திருப்பூர்ப் பெருமக்களே, இதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நிறத்துக்கு விலை உண்டு என்பதை உங்களைவிடத் தெரிந்தவர் யார்? லேப் டிப் போட்டு, பையர் ஒத்துக்கொள்கிறவரை மறுபடி மறுபடி ஷேடு பார்க்கிறவர்கள் நீங்கள். துணியில் போட்ட சாயத்தின் விலையை ஒரு காலத்தில் நொய்யல் கட்டியது. ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்த விவசாயி கட்டினான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. தண்ணீரைச் சுத்திகரிக்காமல் சாயம் இல்லை என்று அன்றைக்கு இந்த ஊர் கற்றுக்கொண்டது. கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டது. (கைதட்டல்)

ஷேடு தப்பிய பனியனுக்குப் போக்கிடம் உண்டு. செகண்ட்ஸ் என்று காதர்பேட்டையில் விற்றுவிடலாம். ஷேடு தப்பிய குட்டிக்கு எந்தக் காதர்பேட்டை இருக்கிறது? (பலத்த கைதட்டல்) நம் ராஜபாளையம் நாயை எடுத்துக்கொள்ளுங்கள். முழு வெள்ளைதான் வேண்டும் என்று கேட்டோம். வெள்ளை வந்தது. அந்த வெள்ளையோடு சில குட்டிகளுக்குக் காது கேளாமையும் வந்தது. வேறு நிறத்தில் பிறந்த குட்டியை ஒதுக்கினோம். நாய் கேட்டதா வெள்ளை வேண்டும் என்று? பாம்பு கேட்டதா எனக்குக் கோடு போடு என்று?

போன மாதம் மருமகன் பேசினான். "மாமா, டிஸ்கோவுக்கு ஜோடி வாங்கலாம்னு இருந்தனுங்க. வேண்டாம்னு விட்டுட்டனுங்க. இது ஒண்ணோட போகட்டும்" என்றான். இப்போது இரையைக் கிடுக்கியில் பிடித்து அதன் வாய்க்கு நேரே கொண்டுபோய்க் காட்டுகிறானாம். இருபது ஆண்டுக்கு மேல் வாழக்கூடிய உயிர் அது. இருக்கிறவரை ஊட்ட வேண்டும்.

நடுவர் அவர்களே, அவன் கையும் மனிதன் கைதான். ஆனால் அந்தக் கை ஊட்டிக்கொண்டிருப்பது, இன்னொரு மனிதன் கை கெடுத்ததை. ஆகவே வேடிக்கைக்காக மனிதனின் கை பட்டால் இயற்கை நலிகிறது, நலிகிறது என்றே தீர்ப்பு வழங்க வேண்டும் என்று கேட்டு, துணிக்குச் சாயம் போடுங்கள், உயிருக்குப் போடாதீர்கள் என்று சொல்லி அமர்கிறேன். (கைதட்டல்)