உளிக்கு ஓர் இடம்

கலை வளர என்ன வேண்டும் என்று கேட்டால் திறமை, பயிற்சி, ஆதரவு என்று அடுக்குவோம். வாடகையை யாரும் சொல்வதில்லை. நான் வாடகையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த வட்டாரத்தில் உளி பிடிக்கும் கைகளுக்கு அது தகுதியான மரியாதை. ஆனால் அந்தக் குறியீடு காப்பது பெயரை மட்டும்தான். வேறெங்கோ செதுக்கியதைக் கள்ளக்குறிச்சிச் சிற்பம் என்று விற்கக் கூடாது, அவ்வளவே. பட்டறை நடக்கும் இடத்தை அது காக்காது. மரச்சிற்பத்துக்கோ இடம்தான் முதல் மூலதனம். வாங்கிய மரம் ஈரம் வற்றும்வரை அடுக்கிக் கிடக்க வேண்டும். அத்தனை நாளும் அந்த இடம் ஒரு காசும் ஈட்டாது. ஆளுயரச் சிலையைப் புரட்டிப் போட்டுச் செதுக்கத் தரை வேண்டும். தட்டும் ஓசையையும் மரத்தூளையும் பொறுத்துக்கொள்ளும் அக்கம்பக்கம் வேண்டும். புதிதாகச் சேர்ந்த பையன் பாழாக்கும் கட்டைகளுக்கும் மூலையில் இடம் வேண்டும். சதுர அடிக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினால் முதலில் வெளியேறுகிறவன் அந்தப் பையன்தான். அவனோடு அடுத்த தலைமுறையும் போய்விடும்.

2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி ஒரு மாவட்டத்தின் தலைநகரமானது. ஒவ்வொரு கையெழுத்துக்கும் விழுப்புரத்துக்கு அலைந்தவர்களுக்குப் பெரிய விடுதலை. ஆனால் தலைநகரமான ஊரில் அலுவலகமும் வங்கியும் ஜவுளிக்கடையும் மருத்துவமனையும் ஒரே சாலையோர மனையைத்தான் தேடும். அந்தப் போட்டியில் உளி ஜெயிக்காது. இதன் முடிவை நியூயார்க்கின் சோஹோவில் பார்க்கலாம். 1960களில் ஆலைகள் காலிசெய்த மாடிகளில் ஓவியர்கள் குடியேறினார்கள். 1971இல் நகர நிர்வாகம் அதைச் சட்டப்படி ஏற்றுக்கொண்டது. ஓவியர்கள் இருந்ததாலேயே அந்தப் பகுதிக்கு மவுசு கூடியது. மவுசு கூடியதாலேயே வாடகைக்கு இருந்த ஓவியர்கள் பலர் வெளியேறினார்கள். அதே காலத்தில் நம் மாநிலத்தில் நடந்தது வேறு. சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு சேர்ந்த கலைஞர்களும் பத்திக் போன்ற கைவினைப் பொருள்களை விற்றுப் பணம் சேர்த்து, 1966இல் நகரத்துக்கு வெளியே ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சோழமண்டலம் கலைக் கிராமத்தை அமைத்தார்கள். அன்று மணல்வெளியாகக் கிடந்த அந்தப் பகுதியில், கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தபின் மனை விலை எங்கோ போய்விட்டது. கலைக் கிராமம் இன்னும் இருக்கிறது. சோஹோவை விட்டுப் போனவர்கள் வாடகைதாரர்கள், இவர்கள் நிலத்துக்கு உரியவர்கள் என்பதுதான் வேறுபாடு. ஆகவே இடம் இன்று மலிவாக இருப்பதைவிட, நாளை கைவிட்டுப் போகாது என்ற உறுதி முக்கியம் என்கிறேன்.

மலிவான இடம் போதுமென்றால் கல்வராயன் மலை முழுக்க ஓவியர் கிராமங்களாக இருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். கூர்மையான கேள்விதான். மலையில் பாட்டும் ஆட்டமும் இல்லை என்று நினைப்பவர் மலைக்கே போகாதவர், அதை விட்டுவிடுவோம். ஆனால் கலையையே தொழிலாகக் கொள்ள விரும்புகிறவருக்கு மலிவோடு அருகாமையும் வேண்டும்: வாங்குபவர், அச்சகம், சண்டை போட ஒரு சக கலைஞர். சி.சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ இதழைத் திருவல்லிக்கேணியிலிருந்து கொண்டுவந்தார். 1970இல் ‘கசடதபற’ இதழைத் தொடங்கிய நண்பர்களுக்கும் அதே வட்டாரம்தான் புழங்குமிடம். அந்தச் சந்துகளில் மேன்ஷன் அறை குறைந்த சம்பளத்துக்கு எட்டியது, அடுத்த எழுத்தாளர் நடந்து போகும் தூரத்தில் இருந்தார். கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையிலிருந்து வந்து இன்று பட்டம் வாங்கும் ஒரு பெண், இரண்டு வருடம் கள்ளக்குறிச்சியிலேயே தங்கி ஒரு நாடகக் குழுவைத் தொடங்க முடியுமா என்பதை அவள் திறமை மட்டும் தீர்மானிப்பதில்லை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அறைக்கு என்ன கேட்கிறார்கள் என்பதும் தீர்மானிக்கிறது.

பட்டினியிலும் கலை பிறந்திருக்கிறதே என்பார்கள். பிறந்திருக்கிறது, பிழைத்தவர்களின் பெயர்தான் நமக்குத் தெரியும், பாதியில் விட்டுப் போனவர்களின் கணக்கு யாரிடமும் இல்லை. இதைவிடக் கனமான ஆட்சேபம் வரி கட்டும் கடைக்காரருடையது: தேநீர்க் கடைக்குக் கிடைக்காத இடச் சலுகை சிற்பிக்கு எதற்கு? அவர் கேட்பது நியாயம். அதனால் இலவசமாகக் கொடுங்கள் என்று சொல்லமாட்டேன். பட்டறைக்குக் கொடுக்கும் இடத்துக்கு நகராட்சி வாடகை வாங்கட்டும், ஆனால் பத்துப் பதினைந்து வருடத்துக்கு ஒரே ஒப்பந்தமாகப் போடட்டும். பதிலுக்கு ஒவ்வொரு பட்டறையும் இரண்டு பேருக்காவது தொழில் கற்றுக்கொடுக்கட்டும். பள்ளிக்கூட அறைகள் சாயங்காலம் பூட்டித்தான் கிடக்கின்றன. கூத்து ஒத்திகைக்குத் திறந்துவிட ஒரு சாவியும் பொறுப்பான ஓர் ஆளும் போதும். இன்று பட்டம் பெறும் உங்களில் சிலர் நகராட்சியிலும் வருவாய்த் துறையிலும் வங்கியிலும் உட்காரப்போகிறீர்கள். அந்த ஒப்பந்தக் கோப்பு ஒருநாள் உங்கள் மேசைக்கே வரும்.